கலை வரலாறு படிக்க வரையத் தெரிய வேண்டுமா?

"கலை வரலாறு படிக்கலாம் என்றிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வரும் கேள்வி, "அப்படியா, நன்றாக வரைவாயா?" என்பதுதான். வரையத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் குறையொன்றும் இல்லை. நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் தீட்டவும் சிலை வடிக்கவும் பழக்குகிறார்கள். கலை வரலாற்றுத் துறையில், தீட்டியதையும் வடித்ததையும் எதிரே வைத்துக்கொண்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கப் பழக்குகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஓவியர் பெயர், ஆண்டு, பாணி என்று ஒரு நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்கிற படிப்பு என்றும் பலர் நினைத்திருக்கிறார்கள். பெயரும் ஆண்டும் வேண்டும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். 1434இல் வரைந்ததையும் 1656இல் வரைந்ததையும் ஒரே மூச்சில் பேசினால் எதுவும் விளங்காது. ஆனால் உண்மையான படிப்பு அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. வகுப்பில் திரும்பத் திரும்பக் காதில் விழுவது ஒரே ஒரு கேள்வி: எதை வைத்துச் சொல்கிறாய்?

ஓர் ஓவியத்தைப் பார்த்து ஒரு மாணவி, "இதில் சோகம் தெரிகிறது" என்கிறார். நல்ல ஆசிரியர் அதை மறுக்க மாட்டார். சோகத்தை எங்கே பார்த்தாய் என்று கேட்பார். குனிந்த தலையிலா, மங்கலான நிறத்திலா, அந்த உருவத்தைச் சுற்றி விட்டிருக்கும் வெற்றிடத்திலா? இல்லை, அந்த ஓவியர் வறுமையில் செத்தார் என்று எங்கோ படித்ததிலா? கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்றால், சோகம் படத்தில் இல்லை, படித்த கதையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தானாகவே பிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் படிப்பு கைக்கு வந்துவிட்டது என்று நான் நம்புகிறேன்.

முதல் வேலை, பார்த்ததைச் சொல்வது

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் தொடக்கத்திலேயே வரும் பயிற்சி உருவ ஆய்வு. அதாவது, படம் என்ன சொல்ல வருகிறது என்ற பேச்சையே எடுக்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வார்த்தையில் வைப்பது. எவ்வளவு பெரியது, எதால் ஆனது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கண் முதலில் எங்கே போகிறது, அப்புறம் எங்கே நகர்கிறது, பார்ப்பவரை எங்கே நிற்கவைத்துக் காட்டுகிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். நான்கு வரி எழுதுவதற்குள் "அழகாக", "உயிரோட்டத்தோடு" என்று கை தானாகவே தாவிவிடும். அந்தச் சொற்களை அடித்துவிட்டு மறுபடியும் படத்திடம் போகவேண்டும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தம் மாணவர்களுக்குக் கொடுக்கும் ஒரு பயிற்சி பலருக்கும் தெரிந்தது. கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட ஒரே படைப்பின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் மாணவர்கள் மலைத்துப் போகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதை அவரே அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் கோப்லி 1765இல் வரைந்த ஒரு படத்தை வைத்து விளக்கியிருக்கிறார். பறக்கும் அணிலைச் சங்கிலியில் பிடித்தபடி மேசையருகே உட்கார்ந்திருக்கும் சிறுவனின் படம் அது. சிறுவனின் காது மடலும் அணிலின் வயிற்று ரோமத்தின் விளிம்பும் ஒரே வடிவம் என்பது தம் கண்ணில் பட ஒன்பது நிமிடம் ஆயிற்று என்கிறார். சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு நடுவே உள்ள அகலமும் கீழே இருக்கும் தண்ணீர்க் குவளையின் விட்டமும் ஒன்றே என்று தெரிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எத்தனையோ ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அவ்வளவு நேரம் பிடித்தது. பார்த்த உடனே தெரிந்துவிடும் என்று நாம் நினைப்பதெல்லாம் படத்தின் மேல்தோல்தான்.

இன்னொரு பழைய பழக்கம் ஒப்பிடுவது. சுவிட்சர்லாந்து அறிஞர் ஹைன்ரிஹ் வோல்ஃப்லின் தம் விரிவுரைகளில் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டிப் பேசியவர். ஒன்றில் உருவங்களின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கும், மற்றதில் ஓரம் நிழலில் கரைந்துபோகும். தனித்தனியாகப் பார்த்தால் இது உறைக்காது, பக்கத்தில் வைத்தால் உடனே உறைக்கும். நூறு ஆண்டுக்கு மேலாகியும் வகுப்பறைகளில் அந்த முறை மாறவில்லை.

திரையில் பார்ப்பதில் உள்ள ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசா இருக்கும் அறையிலேயே, எதிர்ச்சுவரில், இத்தாலிய ஓவியர் வெரோனீஸ் வரைந்த, பைபிள் கதையில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து ஓவியம் இருக்கிறது. மோனா லிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். மற்றது ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரம், பத்து மீட்டர் அகலம். செல்பேசியில் இரண்டும் உள்ளங்கையளவுதான். ஒன்றின் முன்னால் நெருங்கிச் சென்று முகத்தைப் பார்க்கிறோம், மற்றதின் முன்னால் கழுத்தை நிமிர்த்திப் பின்னால் நகர்கிறோம். உடம்பு செய்யும் இந்த வேலையும் படத்தின் பொருளில் சேர்ந்ததுதான்.

வெற்றுச் சுவருக்குள் ஒரு காமன்

எதை வைத்துச் சொல்கிறாய் என்ற கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று காட்ட, எனக்கு மிகவும் பிடித்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் வெர்மீர் 1657-59 வாக்கில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. திறந்த ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஓர் இளம்பெண் கடிதம் வாசிக்கிறாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிகிறது. முன்னால் விரிப்பு மேல் பழத்தட்டு சாய்ந்து கிடக்கிறது. வலப்பக்கம் ஒரு பச்சைத் திரை. பின்னால் வெறும் சுவர்.

அந்த வெறும் சுவரைப் பார்வையாளர்கள் நெடுங்காலமாக ரசித்து வந்தார்கள். அவளுடைய தனிமையும் மௌனமும் அதில் இருப்பதாகப் பட்டது. வெர்மீர் என்றாலே அமைதி என்ற எண்ணத்துக்கும் அது பொருந்தியது. 1979இல் எக்ஸ் கதிர் எடுத்துப் பார்த்தபோது, சுவர் வண்ணத்துக்கு அடியில் ஒரு பெரிய படம் தெரிந்தது. சட்டமிட்ட ஓவியத்துக்குள் வில்லோடு நிற்கும் காமன், ஐரோப்பியர் கியூபிட் என்று சொல்லும் காதல் தெய்வம். வெர்மீரே முதலில் அதை வரைந்து, பிறகு வேண்டாம் என்று தாமே மூடிவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் அவருடைய அடக்கத்துக்குச் சான்றாகவே பேசப்பட்டது.

2017இல் படத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோதுதான் கதை மாறியது. மெருகெண்ணெயை நீக்கும்போது அந்தச் சுவர்ப் பகுதி மட்டும் மற்ற இடங்களைப் போல நடந்துகொள்ளவில்லை. நுண்ணிய மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். காமன் உருவத்துக்கும் மேலே பூசிய சுவர் வண்ணத்துக்கும் நடுவில் பழைய மெருகு ஓர் அடுக்கு, அதன்மேல் அழுக்கு ஓர் அடுக்கு. அழுக்குப் படிய வேண்டுமென்றால் அந்தப் படம் பல பத்தாண்டுகள் காமனோடுதான் தொங்கிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆகவே மூடியவர் வெர்மீர் இல்லை, அவர் காலமான பிறகு வேறு யாரோ. மேல்பூச்சைக் கூரிய கத்திமுனையால் மெல்ல மெல்ல எடுத்து, 2021இல் காமனோடு படத்தை மக்களுக்குக் காட்டினார்கள்.

இப்போது அதே பெண்ணைப் பாருங்கள். அவளுக்குப் பின்னால் காமன் நிற்கிறான், முகமூடிகளைக் காலால் மிதித்தபடி. முகமூடி என்றால் வேஷம், பொய். அப்படியானால் அவள் கையில் இருப்பது காதல் கடிதம் என்று ஓவியரே நமக்குக் குறிப்புக் கொடுக்கிறார். மௌனம், தனிமை என்று எழுதியதெல்லாம் யாரோ பின்னால் பூசிய சுவரைப் பற்றிய எழுத்தாகிவிட்டது. எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. கண்முன் இருந்ததை நேர்மையாகத்தான் பார்த்தார்கள். கண்முன் இருந்தது ஓவியர் விட்டுச்சென்றதுதானா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது, அதற்கு வேதியியல் தெரிந்தவர்களின் துணை வேண்டியிருக்கிறது. இந்தப் படிப்பில் சேருகிறவர்கள், பழைய படைப்புகளைச் சீர்செய்து காக்கும் பாதுகாப்பாளர்களோடும் அறிவியல் கூடங்களோடும் பேசக் கற்றுக்கொள்வது இதனால்தான்.

ஒரே பாறை, இரண்டு கதைகள்

சரி, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லிவிட்டோம். அது என்ன, யார் என்று கண்டுபிடிப்பது அடுத்த படி. இதைப் படிமவியல் என்பார்கள். எர்வின் பனோஃப்ஸ்கி என்ற ஜெர்மன் அறிஞர் 1939இல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார். முதலில் வெறும் உருவம்: ஓர் ஆள், ஒரு மரம், ஒரு விலங்கு. இரண்டாவது, கதையும் மரபும் தெரிந்தால் மட்டும் பிடிபடுவது: இந்த ஆள் இன்னார். மூன்றாவது, அந்தக் காலத்து மனிதர்கள் இந்தக் கதையை ஏன் இப்படி, இந்த இடத்தில் சொல்ல விரும்பினார்கள் என்பது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் புடைப்புச் சிற்பம். ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார் ஒருவர். உடல் வற்றி எலும்பு தெரிகிறது. பக்கத்தில் நான்கு கைகளோடு சிவன், ஒரு கை வரம் கொடுக்கும் நிலையில். நடுவில் பாறையில் இயற்கையான ஒரு பிளவு. அதில் நாகர்கள் கைகூப்பியபடி மேலே வருகிறார்கள். இரு பக்கமும் தேவர்கள், கின்னரர்கள், வேடர்கள், யானைகள். இதுவரை முதல் படி.

தவம் செய்பவர் யார்? சிவனிடம் பாசுபத ஆயுதம் வேண்டி நிற்கும் அர்ச்சுனன் என்று ஒரு சாரார். கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவம் செய்யும் பகீரதன் என்று இன்னொரு சாரார். பகீரதன் என்பவர்கள் பிளவைக் காட்டுகிறார்கள். நாகர்கள் நீரில் வாழ்பவர்கள், பிளவு ஆற்றின் வழி, பாறைக்கு மேலே தண்ணீர் தேக்கிய தொட்டியின் அடையாளமும் இருக்கிறது. அர்ச்சுனன் என்பவர்கள், சிவன் கங்கையைச் சடையில் தாங்கவில்லையே, வரம் கொடுக்கும் கையோடல்லவா நிற்கிறார் என்கிறார்கள். வேடர்கள் நடமாடும் காட்டையும் சான்றாகக் காட்டுகிறார்கள். இரண்டு கதையும் ஒருசேர நினைவுக்கு வரட்டும் என்றே சிற்பிகள் இப்படி வடித்தார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

நான் கடைசிக் கட்சியின் பக்கம் சாய்கிறேன். அதற்கு ஒரு காரணம் அங்கே இருக்கும் பூனை. தவம் செய்பவரைப் போலவே முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள் பயமில்லாமல் இருக்கின்றன. பொய்த்தவம் செய்து எலிகளை ஏமாற்றும் பூனையின் கதை அது. உண்மைத் தவத்துக்குப் பக்கத்திலேயே பொய்த்தவத்தையும் வைக்கத் துணிந்த சிற்பிகளுக்கு, ஒரு காட்சியில் இரண்டு பொருள் வைப்பது பெரிய காரியமா? என் சாய்வுக்கு இதுதான் சான்று. போதாது என்று நீங்கள் சொல்லலாம், வேறு சான்று காட்டலாம். கருத்தரங்க வகுப்பில் நடப்பதும் இதுதான். முடிவு யார் பக்கம் என்பதைவிட, ஒவ்வொருவரும் பாறையின் எந்த இடத்தைக் காட்டிப் பேசினார்கள் என்பதற்குத்தான் மதிப்பு.

இந்தியக் கலையைப் பற்றி உலகம் இப்படிப் பேசக் கற்றதில் ஆனந்த குமாரசுவாமிக்குப் பெரும் பங்கு உண்டு. 1877இல் கொழும்பில் பிறந்தவர். முதலில் நிலவியல் படித்து இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தார். பிறகு கலையின் பக்கம் திரும்பி, 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்துக்கொண்டார். வேறு துறையிலிருந்து வந்து இந்தப் படிப்பில் நுழைய நினைப்பவர்களுக்கு அவர் நல்ல துணை.

காசு கொடுத்தவர், உள்ளே விடப்படாதவர்

படத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவோம். ஃபிளாரன்ஸ் நகரில் 1485இல் ஓர் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தின் தலைவருக்கும் ஓவியர் கிர்லாண்டாயோவுக்கும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அதில், நீல நிறம் அவுன்ஸுக்கு ஏறத்தாழ நான்கு ஃபிளோரின் (அந்த நகரத்துப் பொற்காசு) விலையுள்ளதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அந்த நீலம் ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்தது. இப்போது நமக்கு வெறும் அழகான நீலமாகத் தெரிவதை, அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு காசு என்று கணக்குப் போட்டே பார்த்திருப்பார்கள். மைக்கேல் பாக்ஸண்டால் என்ற ஆய்வாளர் 1972இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். ஒரு காலத்து மனிதர்களின் கண்ணே அவர்கள் தொழிலாலும் பழக்கத்தாலும் பயின்று வருகிறது என்பது அவர் கருத்து. நம் கண்ணும் அப்படித்தான்.

யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்பதுபோலவே, யாரை உள்ளே விடவில்லை என்றும் கேட்க வேண்டும். அமெரிக்கக் கலை வரலாற்று ஆய்வாளர் லிண்டா நாக்லின் 1971இல், பெரும் பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு எழுதினார். ஒளிந்திருந்த மேதைகளைத் தேடிப் பட்டியல் போடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. பயிற்சி எப்படிக் கிடைத்தது என்று பார்த்தார். ஐரோப்பாவில் பெரிய ஓவியராக வேண்டுமென்றால் ஆடையில்லாத உடலைப் பார்த்து வரைந்து பழக வேண்டும். அந்த வகுப்புக்குள் பெண்களை விடவில்லை. லண்டன் ராயல் அகாதமியில் 1893 வரைக்கும் இதே நிலைதான்.

இதற்கு ஒரு படமே சாட்சி. யோஹான் சோஃபனி 1771-72இல் அந்த அகாதமி உறுப்பினர்களைக் கூட்டமாக வரைந்தார். நிர்வாண ஆண் மாதிரிகள் இருக்கும் அறையில் உறுப்பினர்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அகாதமியைத் தொடங்கியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்களும் உண்டு. அவர்களை விட்டுவிடவும் முடியாது, அந்த அறைக்குள் நிற்கவைக்கவும் முடியாது. சோஃபனி என்ன செய்தார் தெரியுமா? இருவரையும் சுவரில் மாட்டிய படங்களாக வரைந்துவிட்டார். சக உறுப்பினர்கள் நடமாடுகிறார்கள், இவர்கள் இருவரும் சட்டத்துக்குள் இருக்கிறார்கள். இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது சுவரை யாரும் கவனிப்பதில்லை. கவனித்த பிறகு வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

காட்சிப் பண்பாடு எங்கே வருகிறது

பல துறைகளின் பெயரில் இப்போது கலை வரலாற்றோடு காட்சிப் பண்பாடும் சேர்ந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்தது என்று முடிவு செய்தவற்றை மட்டும் பார்க்காமல், நாம் கண்ணால் பார்க்கும் எதையும் ஆய்வுக்கு எடுக்கலாம் என்பதே அதன் பொருள். விளம்பரம், வரைபடம், தபால்தலை, சினிமா, பாடநூல் படம், மருத்துவ ஸ்கேன், கண்காணிப்புக் கேமரா, செல்பேசியில் எடுக்கும் தற்படம், எல்லாம் இதில் அடங்கும்.

1970களில்தான் இது வேகம் பிடித்தது. திரைப்படத்தில் பெண்ணுடல் யாருடைய பார்வைக்காகக் காட்டப்படுகிறது என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் கேட்டது பெரிய திருப்பம். ஆனால் விதை பழையது. 1929இல் காலமான ஆபி வார்பர்க் என்ற ஜெர்மன் அறிஞர், கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் பழைய ஓவியங்களின் நிழற்படங்களோடு தபால்தலைகளையும் செய்தித்தாள் துண்டுகளையும் விளம்பரங்களையும் சேர்த்துக் குத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையசைவு, காற்றில் பறக்கும் ஒரு சேலைத்தலைப்பு போன்ற வடிவங்கள் எப்படி நூற்றாண்டுகளைத் தாண்டிப் பயணிக்கின்றன என்பது அவருடைய தேடல்.

கலை என்று யாரும் சொல்லாத ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 விண்கலத்திலிருந்து, ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவில், முழு பூமியைப் பிடித்த புகைப்படம். நீலப் பந்து, மேலே அரேபியா, நடுவில் ஆப்பிரிக்கா, கீழே வெண்ணிற அண்டார்டிகா. கேமரா எடுத்ததுதானே, இதில் யாருடைய கருத்து இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் எடுத்த படத்தில் தென்துருவம் மேலே இருந்தது. அதைத் திருப்பி, வடக்கு மேலே வரும்படி வெளியிட்டார்கள். விண்வெளியில் மேல் கீழ் கிடையாது. பள்ளி வரைபடத்தில் பழகிய கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியக்கூடாது என்று பூமியையே திருப்பிவிட்டார்கள். வடக்கை மேலே வைத்தது யார், அதனால் எந்த நாடுகள் எப்போதும் மேலே இருக்கின்றன என்ற கேள்விகள் இங்கிருந்து கிளம்பும். வெர்மீர் சுவரைப் பார்த்த அதே கவனத்தோடு இதையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கம் வந்தவர்கள் சிலர், பழைய ஓவியம் சிற்பம் எல்லாம் மேட்டுக்குடி விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் எண்ணம். ஒரு படத்தின் முன்னால் பொறுமையாக உட்காரப் பழகாதவர், ஒரு விளம்பரத்தைப் பற்றியும் பொத்தாம்பொதுவாகத்தான் பேசுவார்.

ஒரு சிலை வந்த வழி

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைப் பார்க்கும்போது, இது இங்கே எப்படி வந்தது என்று கேட்பதும் பாடத்தில் சேர்ந்தது. ஒவ்வொரு கையாக மாறி வந்த வரலாற்றைத் தேடும் வேலை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன சோழர் கால நடராசர், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. வாங்கும்போது காட்டிய தாள்கள் எல்லாம் பொய். அதை வெளியே கொண்டுவந்ததில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகம் பெரிதும் உதவியது. சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் அங்கே இருந்தன. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியா திரும்பினார்.

ஒரு நடராசரும் இன்னொரு நடராசரும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கும், புகைப்படத்தை வைத்து எப்படி இதுதான் அது என்று சொல்ல முடிந்தது? மெழுகில் உரு செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அந்த அச்சு மறுபடி உதவாது. ஆகவே எந்த இரண்டு சிலையும் அச்சு அசலாக ஒன்று இல்லை. திருவாசியின் சுடர்கள், விரல் மடிப்பு, வார்ப்பில் விழுந்த சிறு குறை, தேய்மானம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். முதல் பருவத்தில் அலுப்பாகத் தோன்றும் அந்த உருவ ஆய்வு, இங்கே திருட்டைப் பிடிக்கும் கருவியாகிறது.

வகுப்பு எப்படி இருக்கும்

இளங்கலை பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு. முதல் ஆண்டில் பரந்த அறிமுகம், பிறகு ஒரு காலத்தையோ நிலப்பகுதியையோ ஆழமாக எடுத்துக்கொள்வது, கடைசியில் தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரை. நடுவில் ஆய்வு முறைகள் பற்றி ஒரு தாள் இருக்கும். பலருக்கும் அதுதான் கடினம், ஆனால் மற்ற எல்லாத் தாளையும் பிடித்து நிறுத்துவது அதுவே. தேர்வில் முன்பின் பார்த்திராத ஒரு படத்தைத் திரையில் காட்டி, இதை எழுதுங்கள் என்று கேட்பதும் வழக்கம். யார் வரைந்தது என்று தவறாகச் சொன்னாலும், சொன்னதற்குக் காட்டிய காரணம் படத்தில் இருந்தால் மதிப்பெண் உண்டு.

எழுத்து நிறைய இருக்கும், வாசிப்பு அதைவிட நிறைய. மேல்படிப்புக்குப் போகிறவர்கள் தங்கள் ஆய்வுக்குரிய மொழியைக் கற்றாக வேண்டும். பல்லவர் சோழர் சிற்பத்துக்குத் தமிழ்க் கல்வெட்டும் சமஸ்கிருதமும், டச்சு ஓவியத்துக்கு டச்சு. வேலையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணியிடங்கள் எங்குமே குறைவு, முதுகலை இல்லாமல் கிடைப்பது அரிது. ஆவணக் காப்பகம், பதிப்பகம், ஏல நிறுவனம், இதழியல், திரைத்துறை, ஆசிரியப் பணி என்று பரவிப் போகிறவர்கள்தான் அதிகம். பழைய படைப்புகளைச் சீர்செய்யும் பாதுகாப்புப் பணிக்கு ஆசை இருந்தால் வேதியியலை விட்டுவிடாதீர்கள்.

சேருவதற்கு முன் உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சிற்பம், ஓவியம், கட்டடம், எதுவானாலும் சரி, அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பெயர்ப் பலகையைப் படிக்காதீர்கள், இணையத்தில் தேடாதீர்கள். பார்த்ததை மட்டும் இரண்டு பக்கம் எழுதுங்கள். அதற்குப் பிறகு பலகையைப் படித்து, நீங்கள் எழுதியதில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று குறியுங்கள். அந்த ஒரு மணி நேரம் ஓடியதே தெரியவில்லை என்றால், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஐரோப்பாவுக்குப் பத்துத் தாளும் மற்ற உலகம் முழுவதற்கும் ஒரே தாளும் வைத்திருக்கிறார்களா? ஆய்வு முறைகளுக்குத் தனித் தாள் உண்டா? மாணவர்களைப் படைப்புகளின் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தி வகுப்பு எடுக்கிறார்களா, இல்லை முழுக்கத் திரையில்தானா? அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் இந்தக் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.